யெகோர் காய்ச்சிய முதல் பியர்

யெகோர் எங்களுக்கு நேர் மேல்வீட்டுக்காரன். கஜகஸ்தானில் கரகண்டாப் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தில் மின்வேலை. கடைப் பியரெல்லாம் சோப்புத் தண்ணீர் என்று திட்டிக்கொண்டே குடிப்பான். போன குளிர்காலத்தில், தானே காய்ச்சப்போவதாகச் சொல்லி மால்ட்டும் ஈஸ்ட்டும் மூடிபோட்ட பெரிய வாளியும் வாங்கிவந்தான்.

முதல்நாளே பொங்கி அடுப்பெல்லாம் வழிந்ததாம். மனைவி தமாரா தேய்த்துக்கொண்டே, "அடுப்புல பிசுக்கு, குளியலறையில வாளி. நான் எங்க போய் இருக்கறது?" என்று கேட்டிருக்கிறாள்.

"பொறு. பனி உருகறதுக்குள்ள நீயே இன்னொரு கிளாஸ் கேப்ப."

வேலைவிட்டு வந்ததும் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வாளியைத் திறந்து முகர்ந்து பார்ப்பான். அப்படித் திறந்தால் கெட்டுவிடும் என்று அவனுக்குத் தெரியாது.

அந்த வாரமே சுரங்கத்தில் கூரை சரிந்தது. யெகோரின் உடலை மறுநாள்தான் மேலே கொண்டுவந்தார்கள்.

அடக்கம் முடிந்து உறவினர்கள் கிளம்பியபின் தமாரா என் கதவைத் தட்டினாள். வாளி இன்னும் குமிழி விடுகிறது, குளிக்க உள்ளே போக முடியவில்லை என்றாள். கொட்டிவிடலாமே என்றேன். வேண்டாமென்று தலையசைத்தாள்.

"பாட்டில்ல எப்படி அடைக்கணும், எர்போல்?"

எனக்கும் தெரியாது. நுரை வரச் சர்க்கரை சேர்க்க வேண்டும் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். கைக்கு வந்த அளவு போட்டு மூடினோம். அதிகமாகிவிட்டது. சில நாளில் வாயு முட்டி அலமாரிக்குள்ளேயே சில பாட்டில்கள் வெடித்தன. சத்தம் கேட்டு நான் ஓடியபோது, தமாரா தரையில் உட்கார்ந்து சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

நாற்பதாம் நாள் நினைவு விருந்துக்கு யெகோரின் கூட்டாளிகள் வந்தார்கள். வோட்காவுக்குப் பிறகு, தப்பிய பாட்டில்களைத் தமாரா திறந்தாள். பாதி நுரையாக மேசையில் ஓடியது. மீதி கலங்கலாக, காடிபோலப் புளித்தது. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு விழுங்கினோம்.

"ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க? அவன் இருந்தா சும்மா விட்டிருப்பீங்களா?" என்றாள்.

அவனோடு ஒரே ஷிப்டில் இருந்த ரினாத் கிளாஸைக் கீழே வைத்தான். "வாயில வைக்க முடியல, தமாரா. அவன் இருந்திருந்தா வருஷம் பூரா சொல்லிச் சொல்லியே அவனை ஓட்டியிருப்போம்."

சாவு விழுந்த நாளிலிருந்து அடக்கிவைத்த அழுகை அப்போதுதான் வந்தது அவளுக்கு. யாரும் தேற்றவில்லை. அழுது முடித்து, மிச்சத்தைக் கொட்டச் சொன்னாள். தன் கிளாஸை மட்டும் தரவில்லை. கண்ணைச் சுருக்கிச் சுருக்கி முழுவதையும் குடித்தாள்.

மே மாதம் வீட்டைப் பூட்டிக்கொண்டு பாவ்லோதாரிலிருக்கும் மகளிடம் போய்விட்டாள். மேல்வீட்டுக்கு இன்னும் யாரும் குடிவரவில்லை.