முப்பத்து மூன்று பதிவுகள்

பள்ளியில் அவரைக் கால்புள்ளி டீச்சர் என்றுதான் சொல்வார்கள். பேச ஆரம்பித்தால் முற்றுப்புள்ளியே வைக்கமாட்டார் என்பது ஒரு காரணம். எந்த வேலையையும் பாதியில் விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவுவார் என்பது இன்னொரு காரணம். ஐம்பத்தொரு வயது. இருபத்தாறு வருடமாக எட்டாம் வகுப்புக்கு மொழிப்பாடம் எடுக்கிறார். ஒரு பீரியட் முழுக்க அவர் நாற்காலியில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நுனியில் உட்கார்வார், எழுவார், ஜன்னலைச் சாத்துவார், புழுங்குகிறது என்று உடனே திறப்பார்.

அப்படிப்பட்டவர் தலையில் தலைமையாசிரியை ஒரு இணையப் பயிற்சியைக் கட்டினார். மொழி ஆசிரியர்கள் வகுப்பில் தொழில்நுட்பத்தை எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லித்தரும் ஆறு வாரப் பயிற்சி. வாரத்துக்கு ஒரு வீடியோ, பத்துக் கேள்வி, ஒரு பக்க அனுபவக் குறிப்பு. குறிப்பைப் பயிற்சியில் இருக்கும் மற்ற ஆசிரியர்களும் படித்துக் கருத்து சொல்லலாம். முடிக்காதவர்களின் பட்டியல் மேலிடத்துக்குப் போகும் என்று தலைமையாசிரியை சாதாரணமாகத்தான் சொன்னார். டீச்சர் அன்றைக்கே பயிற்சியில் பெயரைக் கொடுத்தார்.

முதல் வாரத்தை எப்படியோ ஓட்டினார். இரண்டாம் வாரம் விடைத்தாள் கட்டும் கூடவே வந்து சேர்ந்தது. 'வகுப்பில் பேசத் தயங்கும் மாணவர்களுக்காக நீங்கள் செய்த ஒரு முயற்சி' என்பது குறிப்புக்கான தலைப்பு. அவர் அப்படி எதுவும் செய்திருக்கவில்லை. மகளிடம் புலம்பினார். மகள் வீட்டிலிருந்தே ஒரு அலுவலகத்துக்கு வேலை பார்ப்பவள், அறிக்கை எழுதுவது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மாணவர்கள் வீட்டில் ஒரு பத்தியைப் படித்து ஃபோனில் பதிவு செய்து அனுப்பினார்கள், வாயே திறக்காத பிள்ளைகள்கூட மடமடவென்று படித்தார்கள் என்று இருபது நிமிடத்தில் எழுதி அனுப்பியும் விட்டாள்.

நடக்காததை நடந்ததாக எழுதிவிட்டாயே என்று டீச்சர் பதறினார்.

"யாரும்மா படிக்கப் போறாங்க?" என்றாள் மகள்.

படித்தார்கள். நான்காம் வாரம் ஒரு செய்தி வந்தது. எங்கோ இருக்கும் ஒரு ஆசிரியர், பெயர் போடும் இடத்தில் 'ஏழாம் வகுப்பு' என்று மட்டும் போட்டிருந்தார். டீச்சரின் குறிப்பைப் பார்த்துத் தன் வகுப்பிலும் அதையே செய்தாராம். நன்றாகவே போனதாம். ஆனால் நாலு பேர் மட்டும் அனுப்பவே இல்லை, காரணமும் சொல்ல மறுக்கிறார்கள். உங்கள் வகுப்பிலும் இப்படிச் சிலர் இருந்திருப்பார்களே, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டிருந்தார்.

டீச்சருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பதில் எழுதுவார், அழிப்பார். குக்கர் விசிலை எண்ண மறந்தார். இரண்டு நாள் மாற்றி மாற்றித் தப்பான வகுப்புக்குள் நுழைந்தார். சும்மா ஏதாவது சொல்லிச் சமாளிக்கச் சொன்னாள் மகள்.

"நாம சொன்னதை நம்பி ஒரு மனுஷன் பிள்ளைங்களை வச்சு செஞ்சிருக்காருடி. இன்னொண்ணு சொன்னா அதையும் செய்வாரு."

தானே வகுப்பில் செய்து பார்த்துவிட்டுப் பதில் சொல்வது என்று முடிவெடுத்தார். எடுத்த வேகத்திலேயே இறங்கினார். வியாழக்கிழமை முப்பத்து நாலு பிள்ளைகளுக்கும் வலசை போகும் பறவைகளைப் பற்றி ஒரு பத்தி கொடுத்தார். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதிவு வந்துவிட வேண்டும் என்றார். எங்கே அனுப்புவது என்று சொல்ல விட்டுப்போயிற்று. எல்லாரும் வகுப்பின் வாட்ஸப் குழுவிலேயே போட்டார்கள்.

சனிக்கிழமை ஃபோன் கத்திக்கொண்டே இருந்தது. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்தபடியே ஒவ்வொன்றாகக் கேட்டார். இருபத்தொன்பதாவது பதிவு, மூன்றாம் வரிசையில் உட்காரும் ஒரு பெண்ணுடையது. வகுப்பில் அவள் குரல் பக்கத்து இருக்கைக்குக்கூடக் கேட்காது. முதல் வரி முடிவதற்குள் பின்னால் ஒரு ஆள் கத்தும் சத்தம், கெட்ட வார்த்தைகள், ஏதோ பாத்திரம் சுவரில் மோதிய சத்தம். அந்தப் பெண் நிறுத்தவில்லை. குரலைக் கொஞ்சம் உயர்த்திப் பறவைகள் கடல் தாண்டுவதைப் படித்து முடித்திருந்தாள்.

டீச்சர் நின்றுவிட்டார். என்ன செய்வது என்று யோசிப்பதற்குள் அதற்குக் கீழே இரண்டு சிரிப்பு முகங்கள் வந்து விழுந்தன. யார் அது கத்துறது என்று ஒருவன் கேட்டிருந்தான். அவசரமாகப் பதிவை அழித்தார். அதற்குள் பாதி வகுப்பு கேட்டு முடித்திருந்தது.

திங்கட்கிழமை அந்தப் பெண் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. பள்ளி விட்டதும் டீச்சர் பதிவேட்டில் முகவரியைப் பார்த்துக்கொண்டு கிளம்பினார். மூன்றாவது மாடி. அந்தப் பெண்ணின் அம்மா கதவைப் பாதிதான் திறந்தார், உள்ளே வரச் சொல்லவில்லை. டீச்சர் படிக்கட்டில் நின்றபடியே, தப்பு முழுக்கத் தன்னுடையது, தனக்கு மட்டும் அனுப்பச் சொல்லியிருக்க வேண்டும் என்றார். அந்த அம்மா கதவைப் பிடித்தபடியே சொன்னார்.

"அஞ்சு தடவை பதிவு பண்ணினா, டீச்சர். இருக்கறதுலயே சத்தம் கம்மியானதைத்தான் அனுப்பினா."

நாளை அனுப்பி வைக்கிறேன் என்று சொல்லிக் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார்.

அந்த ஆசிரியரின் வகுப்பில் நாலு பேர் ஏன் அனுப்பவில்லை என்று டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட வைக்காமல் 'ஏழாம் வகுப்பு'க்கு எழுதினார். இரண்டாம் வாரக் குறிப்பு பொய், இப்போது நடந்தது உண்மை என்று ஒன்று விடாமல் சொன்னார். பயிற்சி நடத்துபவர்களுக்கும் எழுதி அந்தக் குறிப்பைத் திரும்பப் பெற்றார். அந்த வாரத்துக்குச் சுழியம் போட்டார்கள்.

'ஏழாம் வகுப்பு' இரண்டு நாள் கழித்துத்தான் பதில் போட்டார். படித்ததும் கோபம் வந்தது, பதிலே எழுத வேண்டாம் என்றிருந்தேன் என்று ஆரம்பித்திருந்தார். அந்த நாலு பேரில் ஒருவனைப் போன வாரம் எல்லார் முன்னாலும் எழுப்பிவிட்டுக் காரணம் கேட்டுவிட்டேன், இனிமேல் கேட்கமாட்டேன் என்று முடித்திருந்தார். நல்லது கெட்டது வேறு எதுவும் சொல்லவில்லை. டீச்சர் அதைப் பத்து தடவையாவது படித்திருப்பார்.

கடைசி வாரம், வகுப்பின் எல்லா மாணவர்களையும் வைத்து ஒரு பாடம் நடத்திப் பதிவுகளை இணைக்க வேண்டும். வரைபடங்களைச் சுருட்டி வைக்கும் சின்ன அறை ஒன்று பள்ளியில் உண்டு. மதிய இடைவேளையில் அதைத் திறந்து, மேசையில் தன் ஃபோனை வைத்து, ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினார். கதவைச் சாத்திக்கொண்டு படிக்கலாம், டீச்சர் வெளியே நிற்பார். நாலு நாளில் முப்பத்து மூன்று பேர் முடித்தார்கள். திரும்பி வந்ததிலிருந்து டீச்சரை நிமிர்ந்து பார்க்காத அந்தப் பெண் கடைசியாக வந்தாள்.

"இதை யார் கேப்பாங்க, டீச்சர்?"

"நானும் பயிற்சிக்காரங்களும்."

அவள் உள்ளே போகவில்லை.

"யாரும் கேக்க வேணாம்னா?"

கெடு மறுநாள். முப்பத்து நாலாவது பதிவு இல்லையென்றால் மதிப்பெண் குறையும், ஏற்கெனவே ஒரு சுழியம் இருக்கிறது. டீச்சர் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார், பிரித்தார்.

"நீ படிச்சு நீயே கேட்டுக்கோ. அப்புறம் அழிச்சிடு."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். டீச்சர் நடைவழியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். உள்ளே எந்தச் சத்தமும் வெளியே வரவில்லை. மணி அடித்தும் கதவு திறக்கவில்லை. அடுத்த பீரியடில் கால் மணி நேரம் போன பிறகுதான் அவள் வந்து ஃபோனை நீட்டினாள். ஃபோனில் அவளுடைய பதிவு இல்லை. அவள் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. என்ன படித்தாள், எத்தனை தடவை படித்தாள் என்று டீச்சருக்கு இன்றுவரை தெரியாது.

பயிற்சியில் தேறுவதற்கு அறுபது வேண்டும். டீச்சருக்கு அறுபத்திரண்டு. சான்றிதழை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தபோது தலைமையாசிரியை மதிப்பீட்டுத் தாளையும் புரட்டினார். மற்ற டீச்சர்கள் தொண்ணூறுக்கு மேல் வாங்கியிருக்கிறார்கள், நீங்கள் மட்டும் ஏன் இப்படி என்று கேட்டார்.

"ஒரு பதிவு குறையுதுன்னு எழுதியிருக்காங்களே. எங்க அது?"

"அது அந்தப் பிள்ளையோடது, மேடம்," என்றார் டீச்சர். அதற்கு மேல் வழக்கம்போல நீட்டவில்லை. தலைமையாசிரியை கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்துவிட்டுத் தாளில் கையெழுத்துப் போட்டார். நிமிர்ந்து சான்றிதழை நீட்டியபோது டீச்சர் எட்டாம் வகுப்பை நோக்கிப் பாதி வழி போயிருந்தார்.