என் பழைய கார்டைக் குப்பை என்றவருக்கு

'உங்கள் கார்டின் காலம் முடிந்துவிட்டது. அதைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்.'

போன மாதம் இணையக் குழு ஒன்றில் எனக்குக் கிடைத்த அறிவுரை இது. சொன்னவர் யாரோ குளிர்நாட்டுக்காரர். முகம் தெரியாது. அவர் குப்பை என்றது, என் கணினிக்குள் இருக்கிற கிராபிக்ஸ் கார்டை. தம்பி புதிது வாங்கியபோது கழற்றித் தந்தது. கேம் விளையாடுகிறவர்களுக்கு அது கிழடுதான். நான் எங்கே விளையாடுகிறேன்?

விஷயம் இதுதான். டெங்குவுக்கு மருந்து தேடுகிற ஆராய்ச்சி ஒன்று நடக்கிறது. கணக்கோ மலையளவு. அதைத் துண்டு துண்டாக்கி, விரும்பிச் சேர்ந்தவர்களின் வீட்டுக் கணினிகளுக்கு அனுப்புகிறார்கள். நம் கணினி சும்மா கிடக்கிற நேரத்தில் அதன் கிராபிக்ஸ் கார்டை வைத்துக் கணக்கைச் செய்து விடையைத் திருப்பி அனுப்பும். சம்பளம் கிடையாது.

என் தங்கை போன மாரி மழைக்காலத்தில் டெங்குவில்தான் செத்துப்போனாள். ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தபோது எனக்கு வந்தது அழுகை அல்ல, கோபம். மருந்தை எங்கேயோ யாரோ கண்டுபிடிப்பார்கள்... நாங்கள் வரிசையில் நின்று வாங்க வேண்டும். எங்கள் பங்கு அவ்வளவுதானா?

சேர்ந்துவிட்டேன். சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அவர்கள் தருகிற ரெடிமேட் மென்பொருள் புதுக் கார்டுகளில் மட்டும்தான் ஓடும் என்று. ஆனால் அதன் மூலநிரலை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள். முடிந்தவர்கள் தங்கள் கார்டுக்கு ஏற்றபடி தாங்களே கம்பைல் செய்துகொள்ளலாம், அதாவது ஓடுகிற மென்பொருளாக மாற்றிக்கொள்ளலாம். முடியுமா? நான் மானிப்பாயில் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறவள். கம்பைல் என்ற சொல்லையே அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தேன்.

திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. ஒரு பிழையைத் திருத்தினால் வேறு இரண்டு எட்டிப் பார்க்கும். எல்லாம் சரிவருகிற நேரம் கறண்ட் போகும். விட்டேனா? போர்க்காலத்தில் பெற்றோல் வராதபோது சொட்டுப் பெற்றோலைக் காட்டி ஸ்டார்ட் செய்து, மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓடிய சனம் நாங்கள். அந்த மோட்டார்சைக்கிளோடு வந்த புத்தகத்தில் அப்படி ஓடும் என்றா எழுதியிருந்தது?

கடைசியில் என் மென்பொருளும் ஓடியது. சந்தோஷம் கொஞ்ச நாள்தான்.

ஒரே கணக்கை இரண்டு பேருக்குக் கொடுப்பார்கள். இரண்டு விடையும் ஒத்துவந்தால்தான் ஏற்பார்கள். என் விடைகளில் நாலில் ஒன்று பிழை. அப்போதுதான் குளிர்நாட்டுக்காரர் அந்த அறிவுரையோடு வந்தார். வீட்டில் கம்பைல் செய்ததை நம்ப முடியாது என்றும் சேர்த்துச் சொன்னார். நிர்வாகியும் எழுதிவிட்டார்... அடுத்த கிழமை ஏழு நாளும் இப்படியே வந்தால் உங்கள் கணினியை நீக்குவோம்.

தங்கைக்கென்று நான் செய்கிற ஒரே வேலை. அதுவும் குப்பையா?

பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்துவதுபோல் என் விடைகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன். சனி, ஞாயிறில் எல்லாம் சரி. பிழை முழுக்கப் பள்ளிக்கூட நாட்களில், அதுவும் பகலில். லீவு நாளில் மட்டும் ஒழுங்காக வேலை செய்கிற கார்டை நீங்கள் எங்காவது கண்டதுண்டா?

புதன்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டுச் சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன்.

கணினிப் பெட்டி பூப்போட்ட துணியால் தலை முதல் கால் வரை போர்த்தப்பட்டிருந்தது. துணியைத் தூக்கினேன். தோசைக்கல் சூடு.

எங்கள் ஊரில் எந்த மின்சாரச் சாமான் வாங்கினாலும் முதல் வேலை அதற்கு உடுப்புத் தைப்பதுதான். டிவிக்கு ஒன்று, ஃபிரிட்ஜுக்கு ஒன்று. ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டரான என் கணவருக்குப் புழுதி என்றால் ஆகாது. வெளியே வளவில் நின்றவரைக் கூப்பிட்டேன்.

"இஞ்சேருங்கோ, இதை ஆர் போர்த்தினது?"

"நான்தான். கூட்டேக்கை புழுதி படுமெல்லே. நீர் வர முன்னம் எடுத்துவிடுவன். நீர் நிப்பாட்டிப்போட்டுப் போயிட்டீர் எண்டு நினைச்சன். ஸ்கிறீன் இருட்டாய்த்தானே கிடந்தது."

"இரையிற சத்தம் கேக்கேல்லையோ?"

"அது ஃபிரிட்ஜ் எண்டு நினைச்சன்."

நான் வீட்டில் நிற்கிற நாட்களில் அவர் அந்தப் பக்கம் வருவதில்லை. சூட்டில் அவிந்த கார்ட் தப்புக் கணக்குப் போட்டதில் என்ன புதினம்? என் மென்பொருளில் ஒரு பிழையும் இல்லை.

விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. துணியை மடித்துக்கொண்டே கேட்டார்.

"நீர் இவ்வளவு பாடுபடுறதாலை மருந்து வந்திடுமோ?"

"தெரியாதப்பா. ஆனா நான் சும்மா இருக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும்."

அவர் உள்ளே போனார். தன் அறையிலிருந்த மேசை ஃபானைக் கொண்டுவந்து கணினிக்கு நேரே வைத்துவிட்டுப் போனார். துணி இப்போது தையல் மெஷினுக்கு மேல் கிடக்கிறது.

அடுத்த கிழமை வந்த விடைகள் எல்லாம் சரி. நிர்வாகி ஒரு சொல்லில் நன்றி எழுதினார். என் கார்டைப் போலவே கிழட்டுக் கார்ட் வைத்திருக்கிற சிலர் நான் கம்பைல் செய்ததைக் கேட்டார்கள். கொடுத்தேன். கூடவே ஒரு குறிப்பு: தயவுசெய்து போர்த்தாதீர்கள்.

குளிர்நாட்டுக்காரர் இன்னும் விடவில்லை. 'எப்படியும் புதிது வாங்குவதே நல்லது' என்றார். வாங்க மாட்டேன் ஐயா. இது ஓடுகிறவரை ஓடும். நின்றால் கழற்றித் துடைத்து மறுபடி ஓட்டுவேன்.

மாரி வரப்போகிறது. மருந்து என்றைக்காவது வந்தால் நாங்களும் வரிசையில்தான் நிற்போம்... ஆனால் கையேந்திக்கொண்டு அல்ல.