மூன்றாவது கியரைப் பிடித்துவந்தவர்

போன ஞாயிற்றுக்கிழமை ஏரியில் ஐந்து பேர் இருந்தோம். மினி லாரி வைத்திருக்கும் டிரைவர் அண்ணன், பேக்கிங் பிரிவில் வேலை செய்யும் அண்ணன் தம்பி இருவர், ஸ்டோர்ஸ்காரர், லேபில் இருக்கும் நான். பாய்லர் மேஸ்திரி அண்ணன் இல்லை. அவர் குவைத்துக்குப் போய் ஒரு வருஷம் ஆகிறது. மூன்று பல் உடைந்த இரும்புச் சக்கரம் ஒன்று மட்டும் வழக்கம்போல எங்களோடு வந்திருந்தது. சந்திரகிரிக் கோட்டைக்குக் கீழே இருக்கும் அந்த ஏரி வற்றிவிட்டால் தரை இறுகிப்போகும், ஸ்டம்ப் இறங்காது. பந்து போடுகிற பக்கத்தில் அந்தச் சக்கரத்தை வைத்து, நடுத்துளையில் ஒற்றை ஸ்டம்பைச் செருகி நிறுத்துவோம். எந்தக் காற்றுக்கும் அது சாய்ந்ததில்லை.

நாங்கள் எல்லோரும் சித்தூருக்கு வெளியே ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் பழகியவர்கள். டிரைவர் அண்ணன் ஞாயிறு காலை கூழ் டின்களைத் திருப்பதியில் ஒரு கடைக்கு இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்புவார். அந்தக் காலி வண்டிதான் எங்கள் கிரிக்கெட்டுக்கு ஆதாரம். போகும்போது டின்களுக்கு நடுவே உட்கார்ந்து போவோம், இறக்கக் கை கொடுப்போம், வரும் வழியில் ஏரியில் விளையாடுவோம். மழை பெய்து ஏரியில் தண்ணீர் நின்றால் ஒழிய இந்த நடைமுறை மாறியதில்லை.

அந்த வண்டியில் மூன்றாவது கியர் நிற்காது. போட்டால் பத்து நொடியில் தானே நழுவி வெளியே வந்துவிடும். மேஸ்திரி அண்ணன் முன்னால் நடுவில் நெருக்கி உட்கார்ந்து, கியர் கம்பியை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே வருவார். பாய்லர் முன்னால் நின்று காய்த்துப்போன கை. கம்பி எவ்வளவு உதறினாலும் அசையாது. கதை பேசுவார், வலது கையால் வேர்க்கடலை தின்பார், எங்களைத் திட்டுவார், இடது கை மட்டும் எடுக்க மாட்டார். "லைசென்ஸ் ஒருத்தனுக்கு, வண்டி ஓட்டறது இன்னொருத்தன்" என்பார். டிரைவர் அண்ணன் விடமாட்டார். "கைய எடுண்ணா பாக்கலாம், நடந்து வருவ பாகாலா வரைக்கும்."

ஒரு ஞாயிறு ஏரியில் பெரிய சண்டை வந்தது. பந்து பேட்டில் பட்டதா இல்லையா என்று பேக்கிங் அண்ணன் தம்பி இருவரும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். டிரைவர் அண்ணன் வெறுத்துப்போய் இருவரையும் அங்கேயே விட்டு வண்டியை எடுத்துவிட்டார். அவர்கள் பஸ்ஸில் வந்து சேர்ந்தார்கள். அடுத்த வாரம் மேஸ்திரி அண்ணன் முடிவு சொன்னார். "இனிமே அவுட்டுன்னு எவனும் கத்தக் கூடாது. பட்டா பட்டவனே சொல்லிட்டு வெளிய போவணும். டேய் லேபு, எழுதுடா."

எழுதினேன். டின் அட்டைப் பெட்டியைக் கிழித்து, லேப் மார்க்கரால், 'பட்டால் பட்டவரே சொல்ல வேண்டும்' என்று எழுதி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒட்டினேன். மற்றவர்களுக்கு அது சண்டையை நிறுத்த ஒரு வழி. எனக்கு அப்படி இல்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நைனா, என் அப்பா, கங்காதர நெல்லூர்ப் பக்கம் கரும்பு வெட்டும் கூலிக்குப் போனவர். வீட்டுக்கு ஒரு காகிதம் வந்தால் மடிப்புக்கூடக் கலைக்காமல் என் கையில் கொடுப்பார். நான் படித்துச் சொல்வது அப்படியே நடக்கும். எழுத்தில் இருப்பதற்கு இடம், பொருள் உண்டு என்று எனக்குத் தெரியாது. எழுதியிருந்தால் எழுதியதுதான்.

போன வருஷம் கியர் இன்னும் மோசமானது. மேஸ்திரி அண்ணன் இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. வண்டி இனி வழியில் நின்றால் லோடை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகக் கடைக்காரர் சொல்லிவிட்டார். லோடு போனால் டிரைவர் அண்ணனுக்குப் பிழைப்பு போகும், எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை போகும். அந்த நேரத்தில்தான் திருப்பதிக்கு வெளியே அணிக்கு ஆறு பேர் டோர்னமெண்ட் ஒன்று வந்தது. முதல் பரிசு பதினைந்தாயிரம். நுழைவுக் கட்டணம் அறுநூறு. "கியர்பாக்ஸ் நமக்குத்தான்டா" என்று மேஸ்திரி அண்ணன் அறுநூறையும் தானே எடுத்து வைத்தார்.

ஆச்சரியமாக இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டோம். கடைசி ஜோடி நானும் அவரும். இரண்டு பந்தில் மூன்று ரன் வேண்டும். பந்து ஸ்டம்புக்கு வெளியே போனது, நான் பேட்டை நீட்டினேன். மைக் செட்டில் பாட்டு அலறிக்கொண்டிருந்ததால் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. கீப்பர் பிடித்தார். பௌலர் சும்மா கையைத் தூக்கிப் பார்த்தார். அம்பயர் அவுட் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டார். கீப்பர் பந்தைத் திருப்பி எறிந்தார். பட்டது என்று என் கைக்கு மட்டும் தெரியும். எதிர்முனையில் மேஸ்திரி அண்ணன் குனிந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தார். டிரைவர் அண்ணன் எல்லைக்கோட்டருகே வண்டி மேல் ஏறி நின்றிருந்தார். அவரைப் பார்த்தேன். அவருக்குக் கீழே சீட், சீட்டுக்குப் பின்னால் என் கையெழுத்து.

"பட்டுச்சு சார்" என்றேன்.

அம்பயர் தெலுங்குக்காரர். "நேனு அடகலேது கதா பாபு" என்றார் பாவமாக. நான் உன்னைக் கேட்கவே இல்லையே, தம்பி. ஆனால் நான் நடக்கத் தொடங்கியிருந்தேன். எதிரணிக்காரர்கள் முதலில் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்கள், அப்புறம் குதித்தார்கள்.

திரும்பும் வழியில் நான் முன்னால் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் பரிசுக் கோப்பை என் மடியில் இருந்தது. நேர்மையாக இருந்ததற்கு மேஸ்திரி அண்ணனாவது முதுகில் தட்டுவார் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்திருந்தேன். ரூல் அவருடையது அல்லவா. அவர்தான் முதலில் வெடித்தார்.

"உன்ன யார்ரா நடக்கச் சொன்னது?"

"நீங்கதாண்ணா. எழுதி வெச்சிருக்கோமே."

"அது நம்ம ஏரிக்குடா! சண்டை வேணாம்னு வெச்சது. அங்கதான் காசு குடுத்து அம்பயர நிக்க வெச்சிருக்கான், அவனே கம்முனு நின்னுக்கினு இருக்கறான். உனுக்கு இன்னா அவசரம்?" கோபத்தில் ஒரு கையைத் தூக்கினார். கியர் நழுவியது. வண்டி முனகியது. "கம்பியப் புடிண்ணா, அப்புறம் திட்டு!" என்று டிரைவர் அண்ணன் கத்தினார். பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நான் அழுததை அவர் பார்த்தார் என்று நினைக்கிறேன். மறுபடி இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வாரமே கியர்பாக்ஸைப் பிரித்தோம். பதினாறாயிரத்து எண்ணூறு ஆனது. டிரைவர் அண்ணன் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல ஆறு பேரும் சமமாகப் போட்டோம். எனக்கு அது ஒரு வாரச் சம்பளத்துக்கு மேல், ஆனால் அன்று அதைக் கொடுக்க முடிந்ததில்தான் எனக்கு மூச்சு வந்தது. நுழைவுக் கட்டணம் அறுநூறையும் ஆறாகப் பிரிக்கலாம் என்று ஸ்டோர்ஸ்காரர் சொன்னபோது மேஸ்திரி அண்ணன் தடுத்துவிட்டார். "அது என்னோட இருக்கட்டும். ஏரிக்கு மட்டும்னு எழுதச் சொல்லாதது என் தப்பு." என்னிடம் மார்க்கரை நீட்டினார். அட்டையில் அடைப்புக்குறி போட்டு 'ஏரியில் மட்டும்' என்று சேர்த்தேன். மெக்கானிக் வெளியே எறிந்த பழைய மூன்றாவது கியர்ச் சக்கரத்தை மேஸ்திரி அண்ணன் எண்ணெயோடு எடுத்துத் தன் துண்டில் சுற்றிக்கொண்டார். அடுத்த ஞாயிறு அதன் துளையில் ஸ்டம்பை நிறுத்திக் காட்டினார். இரண்டு மாதத்தில் அவருக்குக் குவைத் விசா வந்தது. கியர் இப்போது நன்றாக நிற்கிறது. நடுவில் யாரும் உட்காருவதில்லை.

போன ஞாயிறு நாங்கள் விளையாடிக்கொண்டிருந்தபோது வீடியோ காலில் வந்தார். இங்கே காலை பத்து, அங்கே ஏழரை. பின்னால் ஏதோ பாய்லர் குழாய்கள். ஏரியைச் சுற்றிக் காட்டச் சொன்னார். கோட்டையைக் காட்டினேன், சக்கரத்தைக் காட்டினேன்.

"டேய் லேபு, ஒன்னு சொல்லணும், சிரிக்கக் கூடாது" என்றார். "வெள்ளிக்கெழம இங்க கம்பெனி மேட்ச். கடைசி ஓவர். லேசா பட்டுச்சு. எவனுக்கும் கேக்கல."

"நின்னீங்களாண்ணா?"

"நிக்கணும்னுதான் நெனச்சேன். காலு கேக்கலடா. பாதி தூரம் வந்தப்பறம்தான் தெரியுது, நடந்துக்கினு இருக்கறேன்னு." போனுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்து திட்டினார். "எல்லாம் உன்னாலதான்டா."

பின்னாலிருந்து டிரைவர் அண்ணன் எட்டிப் பார்த்தார். "எவ்ளோண்ணா போச்சு உனுக்கு?"

"தோத்ததுக்கு எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் குடுத்தேன்."

"அவ்ளோதானா? தப்பிச்சிக்கின" என்றார் டிரைவர் அண்ணன். அடுத்த ஆட்டத்துக்கு முனை மாற்ற வேண்டியிருந்தது. குனிந்து சக்கரத்தைத் தூக்கி, மண்ணைத் தட்டி, மறுபக்கம் கொண்டுபோய் மெல்ல இறக்கினார். அதை இறக்கும்போதெல்லாம் சொல்வதையே அன்றும் சொன்னார், போனில் இருப்பவருக்கும் கேட்கும்படி.

"பாத்துடா. பதினேழாயிரத்து நானூறு ரூபா சாமான்."