பூ விழக் காத்திருந்த சுவர்

ஏற்காட்டு மலையில் கல்வெட்டு கிடைப்பதே அபூர்வம். தலைச்சோலைக்கு அப்பால் ஒரு சின்னக் கற்கோயிலில், கருவறைச் சுவரில் கிடைத்தது. கோயில் விளக்கெரிக்க யாரோ ஆடு தானம் விட்டதைச் சொல்லும் சில வரிகள். பாதி படித்தேன், மீதி பாசிக்கு அடியில். அந்தச் சுவரில்தான் ஊர்க்காரர்கள் பாத்ரூம் டைல்ஸ் ஒட்டப்போவதாகச் சொன்னார்கள். எனக்குப் பகீரென்றது.

பழைய கட்டடங்களைப் பழுதுபார்த்துக் காப்பாற்றுவது என் உத்தியோகம். ஆனால் இந்தக் கோயில் எங்கள் துறையின் பட்டியலில் இல்லை. தடுக்க அதிகாரம் கிடையாது, வாய் மட்டும்தான் உண்டு. அதை நன்றாகவே திறந்தேன். சிமெண்ட் பூசினால் எழுத்து ஒழிந்தது, பிறகு பெயர்த்தால் கல்லோடு பேர்ந்து வரும் என்று கத்தினேன்.

ஊர்க்கவுண்டர் அசரவில்லை. "ஏனுங்க மேடம், செவுரு எப்பப் பாத்தாலும் ஒழுகிப் பாசி புடிச்சுக் கெடக்குது. சாமி இருக்கற எடமாங்க அது? பாக்கவே நொம்பச் சங்கடமா இருக்குது." கடைசியில், "நீங்க சொல்றதும் வேண்டாம், நாங்க சொல்றதும் வேண்டாம். சாமிகிட்டப் பூக் கேட்டுப்புடலாம்" என்றார்.

சாமியின் தலையில் பூ வைப்பார்கள். வலது பக்கம் விழுந்தால் டைல்ஸுக்கு உத்தரவு. இடது பக்கம் விழுந்தால் கூடாது. பூசாரி வைத்தார். சாயங்காலம் வரை நின்றோம், பூ விழவில்லை. விழும்வரை அபிஷேகமும் இல்லை, வேலையும் இல்லை என்று முடிவானது.

சாமிக்கே மனசில்லை என்று ஊரில் பேச்சு. எனக்குக் காரணம் தெரியும். கூரைக் கல்லின் இடுக்கில் புகுந்த தண்ணீர் சுவர் வழியே இறங்கிச் சிலையை நனைத்துக்கொண்டிருந்தது. ஈரக் கல்லில் பூ ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். அதே தண்ணீர்தான் கல்வெட்டையும் அரித்துக்கொண்டிருந்தது.

கூரையைச் சரிசெய்யக் கிளம்பினேன். சேலத்திலிருந்து நான் கூட்டி வந்த கொத்தனார் தலையில் அடித்துக்கொண்டார். "பேசாம உடுங்க மேடம். ஈரம் இருக்கற வரைக்கும் பூவு விழாது. பூவு விழாத வரைக்கும் டைல்ஸும் வராது."

சபலம் தட்டியது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒழுகுகிற கூரையைப் பார்த்துவிட்டுச் சும்மா இறங்கிப் போவதற்கா இந்த வேலைக்கு வந்தேன்? ஊர்க்கவுண்டரிடம் போய், "பூக் கேட்டது செவுத்துக்குத்தானே? கூரையை நான் பார்த்துக்கறேன்" என்றேன். தாராளமாகச் செய்யுங்க என்று சிரித்தார்.

குப்பனூர் மலைப்பாதை வழியாகச் சுண்ணாம்பு ஏற்றி வந்தோம். யாரோ கூரையில் அப்பியிருந்த சிமெண்ட்டைக் கொத்தி எடுத்து, கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்பை இடுக்குகளில் அடைத்தோம். பனிமூட்டத்தில் அது காய்ந்தால்தானே! ஒரு தடவை மழை பிடித்து மொத்தமும் கரைந்து ஓடியது. சுரண்டிவிட்டு மறுபடியும் அடைக்கச் சொன்னேன். எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை மூடும் தார்ப்பாயை வாங்கிக் கட்டினேன். கொத்தனார் என்னைத் திட்டாத நாளில்லை. நானும் விடவில்லை.

கசிவு நின்றது. வெயில் நாட்கள் வந்ததும் சுவர் வெளுத்தது, பாசி பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. ஒரு நாள் காலையில், நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வாடிய பூ விழுந்தது.

வலது பக்கம்.

என் கையாலேயே கெடுத்துவிட்டேனே என்று அழுகை வந்தது. கொத்தனார் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஊர்க்கவுண்டர் உள்ளே போனார். சுவரைத் தடவிப் பார்த்தார், உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். வெளியே வந்து, "உத்தரவு கெடச்சிருச்சுங்க" என்றார். அப்புறம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சாமி வேண்டாங்கல, சரி. அதுக்காவக் கட்டாயப்படுத்தவும் இல்லீங்களே. செவுருதான் காஞ்சிருச்சே, இன்னும் எதுக்குங்க தண்டத்துக்கு டைல்ஸு?" என்றார்.

அவர் மனசு மாறுவதற்குள் தாளையும் மையையும் எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன், எழுத்தைப் படியெடுக்க.