ஆறாவது கட்டத்தில் ஒரு சிவப்புக் கோடு

என் மேசை இழுப்பறையில் ஒரு பழைய தடுப்பூசிப் படிவம் இருக்கிறது. ஆறாவது கட்டத்தில் என் கையெழுத்தில் 'இல்லை'. அதன்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் 'உண்டு', அதற்குக் கீழே என் சுருக்கொப்பம். அலுவலக வாழ்க்கையில் நான் ஒப்பமிட்ட திருத்தங்கள் ஒரு சாக்கு தேறும். நினைத்தால் சிரிப்பு வருவது இந்த ஒன்றுக்குத்தான்.

படிவம் மாட்டுங்காவில் எங்களுக்கு மளிகை தரும் அண்ணாச்சியுடையது. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், வீடு தாராவியில். கொரோனா ஊசி என்று யாராவது பேச்செடுத்தால், சரக்கு எடுக்கிற சாக்கில் கடைக்குள்ளே போய்விடுவார். அவரை மாற்றியது அரசாங்க அறிவிப்பு அல்ல. ஐரோலியில் இருக்கும் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஊசி போடாத யாரும் குழந்தையைத் தூக்கக் கூடாது என்று மருமகன் சொல்லிவிட்டார். அண்ணாச்சி பேத்தியைக் கைப்பேசியில் மட்டுமே பார்த்தார்; கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். துவரம்பருப்பு கேட்டால் முதலில் பேத்தி கொட்டாவி விடும் வீடியோதான் கிடைக்கும்.

எங்கள் கட்டடத்தில் ஊசி முகாம் போட்டபோது அவர் பெயரையும் சேர்த்தேன். எனக்கு எல்லா நடைமுறையும் தெரியும் என்பது ஊரறிந்த விஷயம். நானேதான் ஊருக்குச் சொல்லியிருந்தேன். ஆதார் நகல் இரண்டு, உபரியாக ஒன்று, எல்லாம் தயார். படிவத்தையும் முந்தின நாளே நிரப்பிவிட்டேன். எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது என்பது அலுவலகத்தில் கற்ற பாடம். ஆகவே உடல்நலம் பற்றிய கேள்விகள் அத்தனைக்கும், அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், 'இல்லை' என்று எழுதியிருந்தேன்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் நாலு பேர் இருந்தபோது அண்ணாச்சி என் காதருகே குனிந்தார்.

"நல்லவேள சார், அந்தப் பென்சிலின் சமாச்சாரத்த எழுதாம விட்டீய. எழுதியிருந்தா வெரட்டி விட்டிருப்பானுவ."

"எந்தப் பென்சிலின்?"

"எளவட்டத்துல ஒரு ஊசி போட்டாவ. மொகமெல்லாம் வீங்கி, மூச்சு முட்டிப் போச்சு. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனாவ. அதெல்லாம் பழைய கத, விடுங்க."

எந்த வகைத் தடுப்பூசியானாலும், போடுகிறவர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை அது. ஏதாவது ஊசியோ மருந்தோ ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று அதைத்தான் ஆறாவது கட்டம் கேட்டிருந்தது. நடைமுறை மன்னனான நான் அதற்கு 'இல்லை' என்று சான்று அளித்திருந்தேன். சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தேன்.

"வேண்டாம் சார்! பிள்ளைய நான் தூக்க வேண்டாமா?"

"தூக்க நீங்க இருக்கணுமே, அண்ணாச்சி."

கோடு போட்டேன். முகாமில் இருந்த இளம் பெண் மருத்துவர் அதைப் படித்துவிட்டு, இங்கே வேண்டாம், பெரிய மருத்துவமனையில் விசாரித்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று இந்தியில் சொல்லிப் படிவத்தைத் திருப்பித் தந்தார்.

"காட்டிக் குடுத்துட்டீயளே சார்! இத்தன வருஷமா ஒங்களுக்குன்னு நல்ல புளியா எடுத்து வச்சேனே!" என்றார் அண்ணாச்சி. நாலு நாள் எனக்குக் கொட்டையோடு புளி வந்தது.

ஐந்தாம் நாள் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்த மருத்துவர் பொறுமையாக எல்லாம் விசாரித்தார். பிறகு போட்டுக்கொள்ளலாம் என்றார். ஆனால் அரை மணி நேரம் எழுந்திருக்கக் கூடாது; அரிப்போ வீக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே சொல்ல வேண்டும்; போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது.

ஊசி போட்டாயிற்று. நான் கடிகாரத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். அவருக்குச் சந்தேகம் பிறந்தது.

"சிங்கப்பூர்ல மச்சான் போட்டது வேற வகையாம்லா. எம்.ஆர்.என்.ஏ.ன்னு. உள்ள போயி நம்ம பொறப்பையே மாத்திருமாம்லா?"

"அது சர்க்குலர் மாதிரி, அண்ணாச்சி. கிருமி இப்படி இருக்கும், தயாரா இருன்னு உடம்புக்கு ஒரு தாள் வரும். படிச்சதும் உடம்பே கிழிச்சுப் போட்டுடும். மூல ஃபைல் இருக்கற ரூமுக்குள்ள அது போகவே போகாது."

"சர்க்குலர்னா ஒங்க ஆபீஸ்ல எவன் சார் படிச்சான்?"

அரை மணி நேரமும் அப்படியே சிரிப்பில் போயிற்று. மறுநாள் கைவலியும் லேசான காய்ச்சலும் வந்தன. சொல்லி வைத்திருந்தவைதான், இரண்டு நாளில் போய்விட்டன. இரண்டாவது ஊசியும் அதே மருத்துவமனையில் முடிந்து, நாள் கழிந்து, ஐரோலிக்குப் போனோம். அண்ணாச்சி முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சப்பணம் கட்டி உட்கார்ந்தார். மகள் குழந்தையை மடியில் வைத்தாள். அது அவரைப் பார்த்துப் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டது.

"சார், அதே கொட்டாவி! போன்ல வந்த அதே கொட்டாவி!" என்றவர் மூக்கை உறிஞ்சினார்.

போன வாரம் அந்தப் பேத்தியின் பள்ளிச் சேர்க்கைப் படிவத்தோடு வந்தார். பேத்தியும் கூடவே வந்திருந்தாள். "கேட்டு எழுதுங்க சார்" என்றார். கேட்டேன். எது உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது?

"வெண்டைக்காய்" என்றாள் பேத்தி, கண்ணை இமைக்காமல். அப்படியே எழுதினேன்.

"பொய் சொல்லுதா, கோடு போட்டு அடிங்க சார் அத!" என்றார் அண்ணாச்சி.

சிவப்புப் பேனா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை.