சாவி இருந்த இடம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே மூன்று புரட்டாசி போய்விட்டது. நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்காரும்போதெல்லாம், "பெருமாளுக்குத் தெரியும், அது போதாதா, ஊருக்கும் தெரியணுமா?" என்று மனசு கேட்கும். மூடி வைத்துவிடுவேன். பெருமாளுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது என்று இப்போதுதான் படுகிறது. அவரிடம் போய் யாரும் விசாரிப்பதில்லை. ஊரில்தான் விசாரிக்கிறார்கள்.

நான் எட்டாவது வரை படித்தவன். திருச்சியில் ஒரு பாத்திரக் கடையில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். பாதி வருடங்கள் பார்சல் கட்டுவதுதான் வேலை. நான் போட்ட முடிச்சு ராமேஸ்வரம் போனாலும் அவிழாது என்று முதலாளி சொல்வார். வேலை முடிந்தபின் ஸ்ரீரங்கத்தில் நானும் என் மனைவியும் மட்டும். காலையில் குளித்து, நாமம் இட்டு, பெருமாள் படத்துக்கும் தாயார் படத்துக்கும் துளசி மாலை மாற்றினால்தான் எனக்குக் காபி இறங்கும்.

வயது ஏற ஏற மறதியும் ஏறியது. பீரோ சாவியை மாதத்துக்கு இரண்டு தடவை தொலைத்துவிட்டு வீட்டையே புரட்டுவேன். பெங்களூரில் இருக்கும் மகன் பார்த்தான். அடுத்த முறை வரும்போது சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரியதாக, வெள்ளையாக ஒரு வில்லை வாங்கி வந்தான்.

"இத சாவில மாட்டிடுங்கப்பா. எங்க போனாலும் போன்ல காட்டும். பக்கத்துல இருந்தா இந்த எடத்த அமுக்குங்க, கீ கீன்னு கத்தும்."

"உங்கப்பாவுக்கும் ஒண்ணு மாட்டிவிட்டுட்டுப் போடா, கோயிலுக்குப் போனா வீடு திரும்புறதே இல்ல" என்றாள் மனைவி.

எங்கள் வீட்டில் எது புதிதாக வந்தாலும் ஒரு ராத்திரி பெருமாள் காலடியில் இருந்துவிட்டுத்தான் புழக்கத்துக்கு வரும். மிக்சியும் அப்படித்தான் வந்தது, செல்போனும் அப்படித்தான் வந்தது. மகன் ஊருக்குத் திரும்பிய வெள்ளிக்கிழமை சாயங்காலம், பீரோ சாவி இரண்டையும் அந்த வில்லையோடு சேர்த்து ஒரு வாழை இலைத் துண்டில் வைத்தேன். வில்லையின் மேல் கெட்டியாகச் சந்தனம் வைத்து, குங்குமமும் வைத்து, கொஞ்சம் துளசியும் போட்டுப் பெருமாள் முன்னால் வைத்தேன்.

மறுநாள் புரட்டாசி சனிக்கிழமை. கோயிலில் கூட்டம் சேர்வதற்குள் போய்விட வேண்டும் என்ற அவசரம். பழைய மாலைகளைக் கழற்றி அந்த இலையிலேயே போட்டேன். இலையை மடித்து, வாழைநாரால் கட்டி, பின்கட்டில் இருக்கும் ஒயர் கூடையில் வைத்தேன். சாவியை அதற்கு முன்பே எடுத்து ஆணியில் மாட்டியதாகத்தான் நினைவு. அந்த நினைவு எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

கூடையில் இருக்கும் பூப்பொட்டலத்தை எடுத்துப் போவது எங்கள் வீட்டில் வேலை செய்த அம்மாள். ஒன்பது வருடமாக வந்துகொண்டிருந்தாள். எங்கள் தெருவில் எங்களோடு நான்கு வீடு. கணவன் இல்லை, படிக்கிற ஒரு பெண் உண்டு. அந்த நான்கு வீட்டை வைத்துத்தான் இருவர் சாப்பாடும். அவள் சேர்ந்த முதல் நாளே, "சாமி பூவக் குப்பைல போடாதம்மா, கால் படுற எடத்துல போடாத" என்று சொல்லியிருந்தேன். சரி ஐயா என்றாள். அதன்பிறகு அந்தப் பூ எங்கே போகிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

மதியம் பீரோவைத் திறக்கப் போனால் ஆணியில் சாவி இல்லை. போனைத் திறந்தேன். வரைபடத்தில் ஒரு புள்ளி, கொள்ளிடக்கரைப் பக்கம். விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். அவள் குடியிருக்கும் தெரு.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஒன்பது வருடம் ஒரு நொடியில் மறந்துபோனது. வாசலுக்கு வந்து எதிர்வீட்டு அம்மாளிடம் போனைக் காட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து எட்டிப் பார்த்தார்கள். அவள் வேலை செய்த மற்ற மூன்று வீடும் அவைதான்.

"எங்க வீட்லயும் ஒரு வெள்ளி டம்ளரக் காணும்" என்றாள் எதிர்வீட்டு அம்மாள். "நாமதான் நம்பி நம்பி விட்டுர்றோம்."

மொபட்டை எடுத்துக்கொண்டு போனேன். அவள் வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். பக்கத்துக் குழாயில் ஏழெட்டுப் பெண்கள்.

"வாங்க ஐயா" என்று எழுந்து கையைப் புடவையில் துடைத்தாள். "அம்மாவுக்கு ஒடம்பு ஏதும்...?"

"சாவியக் குடுத்துடும்மா. நான் ஒண்ணும் சொல்லல."

"எந்தச் சாவி ஐயா?"

போனை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். "இது பொய் சொல்லாது."

குழாயடியிலிருந்து ஒருத்தி, "ஏன் சாமி, போன்ல பெருமாளே வந்து சாட்சி சொன்னாரா?" என்றாள். ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. உள்ளே போனாள். ஒரு பச்சைத் தகரப் பெட்டியைத் தூக்கி வந்து வாசலில் வைத்துக் கவிழ்த்தாள். பெண்ணின் நோட்டுப் புத்தகங்கள், ரேஷன் கார்டு, என் மனைவி தீபாவளிக்குக் கொடுத்த புடவை மடிப்புக் கலையாமல். அடுத்து அரிசி டின், பருப்பு டின். ஒவ்வொன்றையும் முறத்தில் கொட்டி, விரலால் பரப்பிக் காட்டினாள்.

"பாருங்க ஐயா. நல்லாப் பாருங்க."

நான் பார்த்தேன். போதும் என்று சொல்லவில்லை. குனிந்து, அந்தப் பருப்புக்குள் பார்த்தேன். இதைத்தான் மூன்று வருடமாக எழுத முடியவில்லை.

பிறகுதான் மகன் சொன்னது நினைவுக்கு வந்து, போனில் அந்த இடத்தை அமுக்கினேன். எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு சத்தம். வீட்டுக்குள்ளிருந்து வரவில்லை. வீட்டை ஒட்டிய வேப்பமரத்தடியிலிருந்து வந்தது.

மரத்தைச் சுற்றிச் செங்கல் அடுக்கி, யார் காலும் நாய்க் காலும் படாதபடி ஒரு வட்டம். உள்ளே என் வீட்டுப் பூ. ஒன்பது வருடப் பூ மக்கி மண்ணாகி, அதில் துளசி தானாக முளைத்து இடுப்பளவு நின்றது. அதன் அடியில் அன்று காலைப் பொட்டலம். வாழைநார் அப்படியே இருந்தது. அந்த முடிச்சை எனக்குத் தெரியாதா? பாத்திரக் கடை முடிச்சு. நான் போட்டது. யாரும் அவிழ்க்காதது.

நானே அவிழ்த்தேன். ஈரத் துளசிக்கு நடுவில் சாவி இருந்தது. வில்லையில் நான் அப்பிய சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. அதனால்தான் சத்தம் அமுங்கியிருக்கிறது.

"ஆத்துல போட்டா இப்பல்லாம் திட்டுறாங்க ஐயா" என்றாள் அவள், ஏதோ தன்மேல்தான் குற்றம் என்பது போல. "நீங்க கால் படக்கூடாதுன்னு சொன்னீங்க. அதான் இங்க கொண்டாந்து வைக்கிறேன். சாமி பூவப் பிரிச்சுப் பாக்கக்கூடாதுன்னு பிரிக்க மாட்டேன்."

நான் அங்கேயே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். "சரிம்மா, கெடச்சிடுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். கொட்டிய பருப்பை அவள் அள்ளிக்கொண்டிருந்தாள்.

நான் செய்த பெரிய தப்பு இதுவரை சொன்னதில் இல்லை. இனிமேல்தான் வருகிறது. தெருவுக்குள் நுழைந்ததும் எதிர்வீட்டு அம்மாள் கேட்டாள்: "கெடச்சுதா? எங்க இருந்துச்சு?"

"அவ வீட்டுப் பக்கத்துல" என்றேன்.

பொய் இல்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டேன். நானே மடித்துக் கட்டினேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஊரில் பக்தன் என்று பேர் எடுத்தவன், கிழவனுக்குப் புத்தி கெட்டுப்போச்சு என்று சிரிப்பார்களே என்று வெட்கம். அந்தப் பாதி வாக்கியம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் மூன்று வீட்டுக்கும் போய்விட்டது.

மனைவியிடம் முழுதும் சொன்னேன். அவள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். "ஏங்க, இப்பவே போய் மூணு வீட்லயும் சொல்லுங்க. நான் வேணா வரேன்."

"நாளைக்குச் சொல்றேன்."

மறுநாள் அவள் வேலைக்கு வந்தாள். எங்கள் வீட்டுக்கு இல்லை, எதிர்வீட்டுக்கு. வாசலிலேயே நிறுத்தி அனுப்பினார்கள். மற்ற இரண்டு வீட்டிலும் அப்படியே. நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். அவள் எங்கள் வாசலைத் தாண்டும்போது நடையைக் குறைக்கக்கூட இல்லை.

மகனிடமும் போனில் சொன்னேன். "அப்பா, அது இருக்கிற எடத்தத்தான் காட்டும். யாரு எடுத்தாங்கன்னு காட்டாது" என்றான்.

அந்த மூன்று வீட்டிலும் நான் உண்மையைச் சொல்லப் போனபோது புரட்டாசி முடிந்திருந்தது. வேறு ஆள் வைத்துவிட்டார்கள். எதிர்வீட்டு அம்மாள், "நீங்க நல்ல மனசுக்காரர், மூடி மறைக்கிறீங்க" என்றாள். என் பாதி வாக்கியத்தை நம்பியவர்கள் முழு வாக்கியத்தை நம்பவில்லை. கொள்ளிடக்கரைக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, முசிறியில் அண்ணன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டாளாம், வாழைத் தோட்டத்து வேலைக்கு. அன்று கேலி செய்த அதே பெண் குழாயடியில் இருந்தாள்.

"இப்பதான் போன்ல காட்டுச்சா?" என்றாள்.

போன தை மாதம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். முசிறி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கை கறுத்து, வாழைக் கறை ஏறியிருந்தது. என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "நல்லாருக்கீங்களா ஐயா? அம்மா சௌக்கியமா?" என்றாள். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். "அம்மாடி, அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தேன். பஸ் நகர்ந்தது. அங்கேயும் பாதிதான் சொன்னேன்.

அந்த வில்லையில் பேட்டரி தீர்ந்துவிட்டது. நான் மாற்றவில்லை. பூவை இப்போது நானே அந்த மரத்தடிக்குக் கொண்டுபோகிறேன். புண்ணியம் என்று அதைச் சொல்லிக்கொள்ள முடியாது.

படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், முக்கியமாக முசிறிப் பக்கத்தில். ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். எனக்கு வயசாகிவிட்டது, மறதி என்று இரக்கப்பட்டு எதையும் குறைக்க வேண்டாம். அவள் மன்னித்துவிட்டாள் என்று முடிவை நல்லதாக்கவும் வேண்டாம், அவள் அப்படிச் சொல்லவில்லை. சாவி அவள் வீட்டுப் பக்கத்தில் இருந்தது, என் வீட்டுப் பெருமாள் பூவுக்குள், நானே கட்டிய முடிச்சு அவிழாமல். இந்த வாக்கியத்தை மட்டும் தயவுசெய்து பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.