டிராக்டர் சைலன்சர் வைத்த படகு

"வீட்ல சும்மாதாங்க இருக்காங்க" என்று லீவில் வந்திருந்த என் கணவர் கரையில் நின்று போனில் சொன்னபோது நான் படகு இன்ஜினுக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தேன். எதிர்முனையில் இருந்தவர் ஓசூரில் வீடு வாடகைக்கு விடுபவர். குடும்பத்தோடு வந்தால்தான் வீடு, தனியாளுக்குக் கிடையாது என்று கறாராகச் சொல்லிவிட்டாராம். அதற்காக இவர் என்னைச் சும்மா இருக்கிறவளாக்கிவிட்டார். விடிந்ததிலிருந்து அணையின் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆளையும் பூ மூட்டையையும் ஏற்றி இறக்கியவள் நான். எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதி டீசல் வெளியே சிந்தியது.

படகில் இருப்பது எங்கள் கிணற்று இன்ஜின். கிணறு வற்றியதும் மாமனார் அதைக் கழற்றிப் படகில் பூட்டினார். அவர் காலமானபின் ஓட்டுவது நான். கணவருக்கு ஓசூரில் சைலன்சர் செய்கிற கம்பெனியில் வேலை. வார லீவுக்கு வருவார், வரும்போதெல்லாம் ஓசூருக்கு வந்துவிடு என்பார்.

நான் பிறந்தது அஞ்செட்டிப் பக்கம். அங்கே பஸ் வந்தால் உண்டு, வராவிட்டால் மூட்டையின்மேல் உட்கார்ந்து பாதையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். என் வயசுப்பிள்ளைக் காலம் பாதி அப்படியே போனது. இப்போது எனக்காக ஜனங்கள் கரையில் காத்திருக்கிறார்கள். இதை விட்டுவிட்டு ஓசூரில் ஒற்றை அறையில், அவர் ஷிப்டு முடிந்து வருகிற நேரத்தைப் பார்த்து உட்கார நான் தயாராக இல்லை.

ஆனால் இன்ஜின் அவர் பக்கம் சேர்ந்துகொண்டது. சைலன்சர் துருவேறி ஓட்டையாகிவிட்டது. புகைக் குழாய் பக்கவாட்டில் படகின் விளிம்புக்குமேல் நீட்டிக்கொண்டிருந்தது, அதுவும் விரிந்துவிட்டது. புகை முழுக்க உட்கார்ந்திருப்பவர்கள் மூஞ்சியில். பேரிகையிலிருந்து வாக்கப்பட்டு வந்த பூக்கார அக்கா முதலில் தெலுங்கில் இன்ஜினைத் திட்டினார், பிறகு தமிழில் என்னிடம் சொன்னார்.

"அடுத்த சந்தைக்குள்ள சரி பண்ணு கண்ணு. இல்லாட்டி நாங்க ஆட்டோவுல சுத்திக்கிட்டே போயிடறோம். இந்தப் பொகயில யாரால ஆவுது."

ஒருமுறை ஆட்டோவுக்குப் பழகிவிட்டால் யாரும் படகுக்குத் திரும்பப்போவதில்லை. அப்புறம் இன்ஜின் பழைய இரும்புக்கு, நான் ஓசூருக்கு. அவ்வளவுதான் கணக்கு.

"சைலன்சர்தான? என் தொழிலே அதான்" என்றார் கணவர். "நான் மாத்தித் தரேன். ஆனா இதுக்கு மேலயும் மக்கர் பண்ணிச்சின்னா, இன்ஜினப் போட்டுட்டு நீ கெளம்பி வந்துடணும்."

நான் சரி என்று சொல்லவே இல்லை. சொன்னதாக அவரே எடுத்துக்கொண்டார்.

துருப்பிடித்த நட்டுகளில் டீசல் ஊற்றி ஊறவிட்டுக் கழற்றினோம். அவர் கைவேலையைக் குறைசொல்ல முடியாது. இன்ஜினில் புகை வெளியேறும் வாயைச் சுரண்டிச் சுத்தம் செய்து, இடுக்கில் கசியாதபடி புதுப் பேக்கிங் வைத்து, நேர்த்தியாகக் குழாயைப் பூட்டினார். ஆனால் பக்கவாட்டில் விட்டால்தானே புகை வருகிறது என்று, லாரிக்கு வைப்பதுபோலக் குழாயைத் தாழ்வாக அடிப்பக்கமாகவே கொண்டுபோய்ப் பின்பக்கமாக வெளியே எடுத்தார்.

"ஆளு ஏறினா பின்பக்கம் தாழுமுங்க. கொழா தண்ணிக்குள்ள போயிடும்" என்றேன்.

"தெனமும் இதத்தான் பாத்துட்டிருக்கேன். நீ எனக்குச் சொல்றியா?"

லாரி தார்ரோட்டில் நிற்கிறது, படகு தண்ணீரில் நிற்கிறது. இதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஹேண்டில் போட்டுச் சுற்றி இன்ஜினைக் கிளப்பிவிட்டார். வெறும் படகு சத்தமில்லாமல், புகையில்லாமல் அழகாகப் போனது. திரும்பி வந்து இறங்கியவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

கரையில் கிடந்த மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் படகின் பின்பக்கம் அடுக்கினேன். சந்தை நாளில் அங்கே உட்காருகிற கூட்டத்தின் பாரம் வரும்வரை அடுக்கினேன். குழாயின் வாய் தண்ணீருக்குள் போய்விட்டது. இன்ஜினைப் போட்டதும் பின்னால் தண்ணீர் கொப்பளித்தது. நிறுத்தச் சொன்னேன். நிறுத்தியதும் குழாய்க்குள் தண்ணீர் ஏறுகிற சத்தம் எங்கள் இரண்டு பேருக்குமே கேட்டது. மறுபடி ஹேண்டில் போட்டார். அசையவில்லை. குழாயைக் கழற்றியபோது தண்ணீர் அவர் பேண்ட்டில் கொட்டியது.

"ராசி கெட்ட இன்ஜினு" என்றார். "நான் அன்னிக்கே சொன்னேன். வித்துட்டு வந்துடு."

"கொழாய வெச்சது நீங்க. இன்ஜினு என்னாத்துக்கு விக்கணும்?"

எனக்கு அப்போது அவர்மேல் கோபம்கூட வரவில்லை, பிடிவாதம்தான் வந்தது. இந்த இன்ஜின் கிணற்றடிக் கொட்டகையில் ஓடிய காலத்தில் அதன் குழாய் கூரையைத் தாண்டி நேராக மேலே போகும். டிராக்டருக்கும் அப்படித்தான். அப்படியானால் படகுக்கு ஏன் கூடாது? மத்தூரில் பழைய டிராக்டர் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். நின்றவாக்கில் இருக்கும் சைலன்சர் ஒன்று, மழைத் தண்ணீர் இறங்காமலிருக்கத் தலையில் ஆடுகிற தகர மூடியோடு கிடைத்தது. அதன் நட்டுத் துளைகள் எங்கள் இன்ஜினோடு பொருந்தவில்லை. வெல்டிங் பட்டறையில் இரண்டுக்கும் நடுவில் வைக்க ஒரு இரும்புப் பட்டை வெட்டி ஒட்டிவாங்கினேன்.

நான் இன்ஜினுக்குள் போன தண்ணீரை வெளியேற்றி ஆயிலை மாற்றும்வரை அவர் கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். சைலன்சரைத் தூக்கி நிறுத்தியதும் சிரித்துவிட்டார்.

"என்ன இது, படகா டிராக்டரா? அணைய உழுவப் போறியா?"

"ஒரு பக்கம் புடிங்க" என்றேன். பிடித்தார். படகின் தார்ப்பாய்க் கூரையில் ஓட்டை போட்டு, பாய் கருகாமலிருக்கச் சுற்றிலும் தகரம் அடித்து, யார் கையும் படாதபடி குழாய்க்குக் கம்பிவலை கட்டினோம். பேக்கிங்கைச் சரியாக உட்காரவைத்து நட்டை முறுக்கியது அவர்தான். அந்த வேலை அவருக்குத்தான் வரும், அதையும் சொல்லியாக வேண்டும்.

சந்தை நாள் விடிந்தது. பூக்கார அக்கா குழாயை மேலும் கீழும் பார்த்தார், மூட்டையைப் போட்டார், ஏறினார். அவர் பின்னால் எல்லோரும் ஏறினார்கள். ஷிப்டுக்குப் போகும் பையோடு என் கணவரும் ஏறினார். பின்பக்கம்தான் இடம் இருந்தது. படகு நன்றாகத் தாழ்ந்தது. ஹேண்டில் போட்டேன். தகர மூடி படபடவென்று அடித்துக்கொண்டது, புகை எங்கள் தலைக்குமேலே போய்விட்டது. யாரும் இருமவில்லை.

நடு அணையில் அவருக்குப் போன் வந்தது. வாடகைக்கு விடுகிற ஓசூர்க்காரர்தான். இன்ஜின் சத்தத்தில் என் கணவர் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. படகிலிருந்த எல்லோருக்கும் கேட்டது.

"அந்த வீட்ட வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க. ... இல்லீங்க, வீட்ல வரமாட்டாங்க. ... சும்மா இல்லீங்க. படகு ஓட்டுறாங்க."